தலைக்கவச விதியின் மறுபாதி: சர்வதேச சைக்கிள் ஒன்றியத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைவரும் மேலாண்மைக் குழு உறுப்பினர்களும், சர்வதேச சைக்கிள் ஒன்றியம் (யுசிஐ), ஏகிள், சுவிட்சர்லாந்து.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். பந்தயங்களில் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கி 2003 மே மாதம் தாங்கள் பிறப்பித்த விதியை இன்று யாரும் கேள்வி கேட்பதில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்ட நிலையில், அந்த விதி செய்துமுடித்த வேலை எது, தொடாமல் விட்ட வேலை எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் எனக் கருதியே இம்மடலை எழுதுகிறேன். நான் எந்த அணியையும் சார்ந்தவன் அல்லன். தலைக்கவசம் விற்கும் எந்த நிறுவனத்தோடும் எனக்குத் தொடர்பில்லை. பந்தயங்களைத் தொடர்ந்து பார்ப்பவன், தங்கள் விதிப்புத்தகத்தையும் பொறுமையாகப் படிப்பவன் என்பதற்கு மேல் எனக்குத் தகுதி ஏதுமில்லை.

அந்த விதி எளிதில் வந்துவிடவில்லை. 1991இல் கெட்டியான தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கத் தாங்கள் முயன்றபோது, பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் வீரர்களே எதிர்த்து நின்றார்கள். வெயிலில் தலை வேகிறது, அணிவதும் அணியாததும் எங்கள் விருப்பம் என்ற வாதத்துக்கு முன் யுசிஐ பின்வாங்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1995 ஜூலை 18 அன்று, டூர் டி பிரான்ஸில் போர்ட்டே டாஸ்பே கணவாயிலிருந்து இறங்கும்போது ஃபாபியோ கசார்ட்டெல்லி விழுந்து இறந்தார். அவர் பார்சிலோனா ஒலிம்பிக்கில் சாலைப் பந்தயத் தங்கம் வென்றவர்; விழுந்தபோது தலையில் கவசம் இல்லை. இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்ற விவாதம் அப்போதே எழுந்தது. ஆனாலும் விதி மாற இன்னொரு மரணம் தேவைப்பட்டது. 2003 மார்ச்சில், அதே பாரிஸ்–நீஸ் பந்தயத்தில், கஜகஸ்தானின் ஆந்த்ரேய் கிவிலெவ் கவசம் இன்றி விழுந்து மறுநாள் இறந்தார். அடுத்த இரண்டு மாதத்துக்குள் விதி வந்தது. அப்போதும், மலையுச்சியில் முடியும் பந்தயங்களின் கடைசி ஏற்றத்தில் கழற்றிக்கொள்ளலாம் என்றொரு சலுகையை விட்டுவைத்திருந்தீர்கள். பிறகு அதையும் நீக்கினீர்கள். வீரர்களே விரும்பாத ஒரு விதியைக்கூட யுசிஐயால் நிலைநாட்ட முடியும் என்பதற்கு இந்த வரலாறு சான்று. ஆகவே, இனி நான் கேட்கப்போவதை நடைமுறைக்கு ஒவ்வாது என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட மாட்டீர்கள் என நம்புகிறேன்.

தங்கள் விதி 1.3.031ஐப் படிக்கும்போது அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பது பளிச்சென்று தெரிகிறது. தலைக்கவசம் அதிகாரபூர்வமான ஒரு பாதுகாப்புத் தரத்தின்படி ஒப்புதல் பெற்றதா என்று பார்க்க வேண்டியவர் வீரர். தாடைவாரைச் சரியாகப் பூட்ட வேண்டியவர் வீரர். கவசத்தின் வடிவத்தை மாற்றாமலும் எதையும் ஒட்டாமலும் வெட்டாமலும் வைத்திருக்க வேண்டியவர் வீரர். ஏற்கெனவே அடிபட்ட கவசத்தை அணியாமல் இருக்க வேண்டியவரும் வீரரே. இந்தக் கடமைகள் எல்லாமே நியாயமானவை. ஒன்றையும் நீக்கச் சொல்லவில்லை. ஆனால், அந்தத் தரம் எதுவாக இருக்க வேண்டும், அது எவ்வளவு வேகத்துக்கும் எம்மாதிரி அடிக்கும் ஈடுகொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு விதி வாய் திறப்பதில்லை. ஏதேனும் ஓர் அரசோ தர அமைப்போ ஒப்புக்கொண்டிருந்தால் போதும் என்று நின்றுவிடுகிறது.

அப்படி ஒப்புக்கொள்ளும் தரங்கள் பந்தயத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. ஐரோப்பாவின் இஎன் 1078 தரத்தில், போலித் தலை ஒன்றில் கவசத்தை மாட்டி, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான எஃகுப் பட்டடையின் மீது விழச் செய்கிறார்கள். மோதும் கணத்தில் வேகம் நொடிக்கு 5.42 மீட்டர், மணிக்கு 20 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நடைபாதை விளிம்புக் கல் போன்ற வடிவத்தின் மீது விழும் சோதனையில் அது இன்னும் குறைந்து 4.57 மீட்டராகிறது. போலித் தலையில் பதிவாகும் முடுக்கம் புவியீர்ப்பின் 250 மடங்கைத் தாண்டாவிட்டால் கவசம் தேறிவிடும். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வகுத்து 1999 முதல் நடப்பில் உள்ள சிபிஎஸ்சி தரம் தட்டைப் பட்டடைக்கான உயரத்தை இரண்டு மீட்டராக்குகிறது; வரம்பையோ 300 மடங்காகத் தளர்த்துகிறது. கடைக்குப் போய்வரும்போது சரிந்து விழுபவருக்கு இவை நல்ல காவல்தான். ஆனால், இரண்டிலும் தேறியது, தேறாதது என்ற இரண்டே விடைகள் உண்டு. வரம்பை ஒட்டித் தப்பிய கவசமும், அதில் பாதி அடியை மட்டுமே தலைக்குக் கடத்திய கவசமும் தங்கள் நடுவர்களின் கண்ணில் ஒன்றே.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மணிக்கு 70 கிலோமீட்டரில் பாயும் வீரரின் கவசத்தை 20 கிலோமீட்டரில் சோதிப்பதா என்று கொதிப்பவர்கள் சொல்வது பாதிதான் சரி. சமதளச் சாலையில் சறுக்கி விழுபவரின் தலை தரையை நோக்கி வரும் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அவர் விழும் உயரம். அது பந்தயத்திலும் ஒன்றரை மீட்டர் அளவே. பயங்கரமாகத் தெரியும் விபத்துகளிலிருந்து எத்தனையோ பேர் வெடித்த கவசத்தைக் கையில் பிடித்தபடி எழுந்து நடப்பதற்கு அதுவே காரணம். சிக்கல், மிச்ச வேகம் எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. முன்னோக்கிப் பாயும் அந்த 70 கிலோமீட்டர் வேகம் கவசத்தின் மேலோட்டைச் சாலையோடு கவ்வவைத்துத் தலையை ஒரு சொடுக்கில் திருகிவிடுகிறது. மண்டையோடு திரும்பும் அதே கணத்தில் மூளை திரும்புவதில்லை. பின்தங்கித் தொடர்கிறது, இடையில் திசுக்கள் இழுபடுகின்றன. மூளைக் காயத்தில் இந்தச் சுழற்சிக்கு உள்ள பங்கை ஆக்ஸ்ஃபோர்டின் இயற்பியலாளர் ஹோல்போர்ன் 1943லேயே எழுதிவிட்டார். மேலே சொன்ன இரு தரங்களும் அதற்குப் பல பத்தாண்டுகள் பின்னால் வந்தவை. இருந்தும், கவசத்தை நேராகப் போட்டு நேராக அளப்பதையே சோதனை என்று கொண்டன. சாலையில் அப்படி யாரும் விழுவதில்லை.

எதிரே சுவரோ கம்பமோ கான்கிரீட் வடிகாலோ குறுக்கிடும்போது கதை வேறு. அப்போது முழு வேகமும் தலையின் மேல் வருகிறது. 70 கிலோமீட்டரில் உள்ள ஆற்றல் சோதனைக்கூடத்து 19.5 கிலோமீட்டரில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 13 மடங்கு. தலையில் சுமந்து ஓட்டக்கூடிய எந்தக் கவசமும் அதைத் தாங்காது. 2011இல் ஜிரோ டி இத்தாலியாவில் வௌட்டர் வெய்லாண்ட் கவசம் அணிந்தே இறந்தார். இத்தகைய விபத்துகளுக்கான பரிகாரம் பாதையைத் தேர்ந்தெடுப்பதிலும் தடுப்புகளை அமைப்பதிலும் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் போலந்தின் கட்டோவிட்சே நகரின் இறக்கத்தில் ஃபாபியோ யாகோப்சன் தடுப்புகளோடு சேர்ந்து தூக்கியெறியப்பட்ட பிறகு தாங்களும் அந்தப் பக்கம் கவனம் செலுத்தி வருகிறீர்கள். பந்தயப் பாதுகாப்புக்கான சேஃப்ஆர் அமைப்பு, ஆபத்தாக நடந்துகொள்பவர்களுக்கான மஞ்சள் அட்டை, கடைசிக் கிலோமீட்டர்களில் விழுபவர்களுக்கான நேரச் சலுகையை விரிவாக்கியது எல்லாம் அந்த வழியில் வந்தவை. அவற்றைப் பற்றி எனக்கும் கருத்துகள் உண்டு. இந்த மடல் தலைக்கவசத்தைப் பற்றியது என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

என் முதல் வேண்டுகோள் இதுதான்: பந்தயத்துக்கென்று ஒரு தலைக்கவசத் தரத்தை யுசிஐ தானே எழுத வேண்டும், சாய்ந்த பரப்பில் மோதவைத்துச் சுழற்சியை அளக்கும் சோதனை அதில் கட்டாயமாக இருக்க வேண்டும்.

இது உலகில் யாரும் செய்யாத காரியம் அல்ல. மோட்டார்சைக்கிள் பந்தயங்களை நடத்தும் எஃப்ஐஎம் அமைப்பு, நாடுகளின் தரங்கள் பந்தயத்துக்குப் போதாது என்று கண்டு தன்னுடைய ஒப்புதல் திட்டத்தை உருவாக்கியது. அதில் சாய்வு மோதல் சோதனை உண்டு. 2019இல் கிராண்ட் பிரீ பந்தயங்களில் அதைக் கட்டாயமாக்கியது. கார் பந்தயத்தின் எஃப்ஐஏ அமைப்புக்கும் தனித் தரங்கள் உள்ளன. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. மணிக்கு 45 கிலோமீட்டர் வரை ஓடும் மின்சார சைக்கிள்களில் வேலைக்குப் போகிறவர்களுக்காக நெதர்லாந்து என்டிஏ 8776 என்றொரு தரத்தை வகுத்தது. அதில் மோதல் வேகமும் அதிகம், தலையில் கவசம் மூட வேண்டிய பரப்பும் அதிகம். அலுவலகம் போகிறவரிடம் எதிர்பார்க்கும் காவலைவிடக் குறைந்த காவலோடு உலகின் அதிவேக சைக்கிள் வீரர் ஓடலாம் என்பதுதான் இன்றைய நிலை. சுழற்சியை அளப்பது எப்படி என்று இனிமேல் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018 முதல் சைக்கிள் கவசங்களைச் சாய்ந்த பட்டடையில் மோதவைத்து நட்சத்திர மதிப்பீடு வெளியிட்டு வருகிறது. சுவீடனின் ஃபோல்க்சாம் காப்பீட்டு நிறுவனமும் அவ்வாறே ஒப்பிட்டு வெளியிடுகிறது. சாதாரண வாடிக்கையாளர் கடையில் நின்றபடி பார்த்துக்கொள்ளும் தகவல் அது. உலகப் போட்டியில் கலந்துகொள்ளும் கவசத்துக்கு அது தேவைப்படுவதில்லை.

கவசத்தின் வடிவத்தைப் பற்றி யுசிஐக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2024 மார்ச்சில், வீரர்கள் தனித்தனியாகப் புறப்படும் நேரப் பந்தயங்களுக்கான கவசங்கள் விநோதமான உருவங்களில் வந்தபோது உடனே ஆய்வு அறிவித்தீர்கள். ஒரு கவசத்தோடு சேர்ந்து வந்த துணி முகமூடியை ஏப்ரல் தொடக்கத்திலேயே தடைசெய்தீர்கள். 2026 முதல் கூட்டமாகப் புறப்படும் சாலைப் பந்தயங்களில் காதை மூடும் கவசமும் முகக் கண்ணாடி பொருத்திய கவசமும் கூடாது என்றீர்கள். காற்றைக் கிழிக்கும் உருவத்தைப் பற்றி இத்தனை வேகமாக முடிவெடுக்க முடிகிறது. வீரர்களின் காலுறை கணுக்காலுக்கு மேல் எவ்வளவு உயரம் போகிறது என்று அளப்பதற்கே தங்கள் நடுவர்களிடம் ஒரு கருவி இருக்கிறது. அந்தக் கருவியைப் பழிப்பது என் நோக்கமில்லை. அளக்கும் பழக்கம் உள்ள அமைப்பு எதை அளக்கத் தேர்ந்தெடுக்கிறது என்பதே என் கேள்வி.

இரண்டாவது வேண்டுகோளுக்குப் புதிய விதிகூடத் தேவையில்லை. அடிபட்ட கவசத்தை அணியக் கூடாது என்று தாங்களே எழுதிவைத்திருக்கிறீர்கள். அந்த வரி பந்தயத்தன்று என்ன ஆகிறது என்று பாருங்கள். சேர்ந்து ஓட்டும் வீரர்கள் கூட்டத்தில் ஒருவர் விழுகிறார். அணியின் கார் வந்து நிற்கிறது. உதவியாளர் மேலே கட்டியிருக்கும் மாற்று சைக்கிளை இறக்கி, வீரரை ஏற்றி, முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுகிறார். அரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. சக்கரம் கோணியிருக்கிறதா, பிரேக் உரசுகிறதா, கியர் வளைந்திருக்கிறதா என்று சைக்கிளுக்கு ஆயிரம் விசாரணை நடக்கிறது. தலையில் இருக்கும் கவசம் அப்படியே போகிறது. இன்னும் 80 கிலோமீட்டர் தூரமும் இரண்டு மலை இறக்கங்களும் மீதமிருந்தாலும் அதே கவசம்தான்.

அந்தக் கவசத்தை மாலையில் கையில் வாங்கிப் பார்த்தால் மேலே பெரிதாக ஒன்றும் தெரியாது. மெல்லிய பிளாஸ்டிக் ஓட்டில் ஒரு பக்கம் சிராய்ப்பு, கொஞ்சம் தார்க் கறை, அவ்வளவுதான். திருப்பிவைத்து, வியர்வையில் ஊறிய உட்புறத் திண்டுகளை ஒவ்வொன்றாக உரித்தெடுத்த பிறகுதான், ஒரு காற்றுத் துளையின் விளிம்பில் தொடங்கி அடுத்த துளை வரை நுரைக்குள் ஓடும் மெல்லிய வெடிப்பு கண்ணில் படும். சில சமயம் வெடிப்பும் இருக்காது. கட்டைவிரலால் தடவும்போது ஓரிடம் மட்டும் லேசாக அமுங்கிப்போய் இருக்கும். பெரும்பாலான கவசங்களின் உள்ளே இருப்பது பாலிஸ்டைரீன் நுரை: காற்றை அடைத்த சிறு சிறு மணிகளை ஒட்டிச் செய்தது. மணிகள் நசுங்கி அடியை வாங்கிக்கொள்வதால்தான் தலை தப்புகிறது. நசுங்கிய மணி திரும்ப உப்பாது. அதே இடத்தில் இரண்டாவது அடி விழுந்தால் வாங்கிக்கொள்ள அங்கே எதுவும் மிச்சமிருக்காது.

ஆகவே, விழுந்து தலை மோதிய வீரர், அல்லது மோதியதாகச் சந்தேகிக்கக்கூடிய வீரர், புதிய கவசம் அணியாமல் பந்தயத்தைத் தொடரக் கூடாது என்பதை நடுவர்களைக் கொண்டு நடைமுறைப்படுத்துங்கள். ஒவ்வொரு வீரரின் அளவிலும் ஒரு மாற்றுக் கவசம் அணிக் காரில் இருக்க வேண்டும் என்று பணியுங்கள். சக்கரங்களும் மழைச் சட்டைகளும் அடுக்கியிருக்கும் காரில் ஏழெட்டுக் கவசங்களுக்கு இடம் இல்லாமல் போகாது. இதை அணியின் கடமையாக எழுத வேண்டும்; விழுந்து எழுந்து, எங்கே நிற்கிறோம் என்றுகூடத் தெளியாத ஒருவரிடம் தன் கவசத்தைத் தானே ஆராய்ந்து முடிவெடு என்று சொல்வதில் பொருளில்லை.

கவசத்தை மாற்றுவதில் இன்னொரு பயனும் இருக்கிறது. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. தாடைவாரை அவிழ்த்து, பழையதைக் கழற்றி, புதியதை மாட்டிப் பூட்ட ஒரு நிமிடம் போல ஆகும். அந்த ஒரு நிமிடம் வீரரின் முகம் இன்னொரு மனிதரின் முகத்துக்கு நேரே இருக்கும். கண் நிலைகொள்கிறதா, கேட்டதற்குப் பதில் வருகிறதா, எந்தப் பந்தயம் என்று தெரிகிறதா என்று பார்க்க இன்று பந்தயத்தில் அப்படியொரு நிமிடம் கிடையாது. 2017இல் கலிபோர்னியாப் பந்தயத்தில் டோம்ஸ் ஸ்குயின்ஷ் விழுந்து, எழுந்து நிற்க முடியாமல் தள்ளாடி, பிறகும் சைக்கிளில் ஏறியதை உலகமே பார்த்தது. 2020 டூர் டி பிரான்ஸின் 13ஆம் கட்டத்தில் ரொமேன் பார்டே விழுந்து எழுந்தபோது கால் தடுமாறியது. இருந்தும் அன்றைய பந்தயத்தை முடித்தார். அதன்பிறகு எடுத்த ஸ்கேனில் மூளையில் சிறு இரத்தக்கசிவு தெரிந்தது. அதற்குப் பிறகு தாங்கள் கொண்டுவந்த மூளை அதிர்வு நெறிமுறை நல்லதொரு தொடக்கம். அணி மேலாளர், மெக்கானிக், சக வீரர் ஆகியோரும் அறிகுறிகளை அடையாளம் காண வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால், அடையாளம் காண நேரம் எங்கே? ரக்பியில் சந்தேகம் வந்தால் வீரரை வெளியே அழைத்துச் சோதிக்கிறார்கள். அதுவரை இன்னொருவர் ஆடுகிறார். சைக்கிள் பந்தயத்தில் மாற்று வீரர் கிடையாது, கூட்டமும் நிற்காது. ஒரு நிமிடம் நின்றால் கூட்டம் ஏறத்தாழ முக்கால் கிலோமீட்டர் முன்னே போய்விடும். அந்தக் கணக்கை நன்றாக அறிந்த வீரரிடம் தலை சுற்றுகிறதா என்று கேட்டால், இல்லை என்ற பதிலைத் தவிர வேறென்ன வரும்?

அந்தக் கணக்கை மாற்றும் அதிகாரம் தங்களிடம் இருக்கிறது. கடைசி மூன்று கிலோமீட்டருக்குள் விழுபவருக்கு அவர் இருந்த கூட்டத்தின் நேரத்தையே தருகிறீர்கள். சில கட்டங்களில் அதை ஐந்து கிலோமீட்டராகவும் நீட்டியிருக்கிறீர்கள். விழுந்ததற்காக நேரத்தை இழக்கக் கூடாது என்ற கொள்கையை ஏற்றாயிற்று என்று பொருள். கவசம் மாற்றவும் தலையைச் சோதிக்கவும் நிறுத்தப்பட்டவர், தான் விட்ட கூட்டம் வரை நடுவரின் பார்வையில் காரின் பின்னால் காற்று மறைவில் ஒண்டி ஓட்டித் திரும்பலாம், அதற்கு அபராதம் இல்லை என்று அதே கொள்கையை நீட்டினால், வீரரும் அணியும் பொய் சொல்வதற்கான காரணம் பெருமளவு குறைந்துவிடும். இதைச் சிலர் தந்திரமாகப் பயன்படுத்துவார்கள் என்ற ஆட்சேபம் வரும். வரட்டும்; தாமதமாக வந்தவர்கள் கார் நிழலில் ஒண்டித் திரும்புவது இன்றைக்கும் நடப்பதுதான்.

கழற்றிய கவசத்தை என்ன செய்வது? அதை நடுவரிடம் ஒப்படைக்கச் செய்யுங்கள். எந்த இடம், என்ன வேகம், எதில் மோதியது என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டினால் போதும். ஒரு பருவத்தில் சேரும் அந்தக் கவசங்கள், சோதனைக்கூடத்தில் எதை, எவ்வளவு வேகத்தில், எந்தக் கோணத்தில் சோதிக்க வேண்டும் என்பதற்கு எந்த ஊகத்தையும்விட நல்ல வழிகாட்டி. முதல் வேண்டுகோளில் கேட்ட தரத்தை எழுத உட்காரும் வல்லுநர்களுக்கு அதுவே மூலப்பொருள். முடிவுகளை, நிறுவனத்தின் பெயர் உள்பட, பொதுவில் வெளியிடுங்கள்.

விழுந்தது தெரிந்தால்தான் இவையெல்லாம். 2024 செப்டம்பர் 26 அன்று சூரிக் உலகப் போட்டியின் இளையோர் பந்தயத்தில் 18 வயது மியூரியல் ஃபுரர் பாதையை விட்டு விலகி விழுந்து, நெடுநேரம் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, மறுநாள் இறந்தார். அடுத்த ஆண்டு ருவாண்டாவின் கிகாலியில் நடந்த உலகப் போட்டியில் எல்லோருக்கும் இருப்பிடங்காட்டி பொருத்தினீர்கள். அது தொடர வேண்டும். மோதலை உணர்ந்து தானாகவே செய்தி அனுப்பும் சிறு உணரிகள் பொழுதுபோக்காக ஓட்டுபவர்களின் கவசங்களில் எப்போதோ வந்துவிட்டன. அதைக் கவசத்தில் சேர்ப்பதா, சைக்கிளில் சேர்ப்பதா, தகவல் யாருக்குச் சொந்தம் என்பதில் இருப்பிடங்காட்டி குறித்து அணிகளோடு 2025இல் எழுந்ததைப் போன்ற இழுபறி மீண்டும் வராதபடி முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டியது தங்கள் பொறுப்பு.

எடை கூடும், வெப்பம் கூடும் என்ற எதிர்ப்பு மறுபடியும் எழக்கூடும். சுழற்சியைக் குறைக்கும் வழுக்கு அடுக்கு கொண்ட கவசங்களை இன்று பல அணிகள் விரும்பியே அணிகின்றன. அதனால் கூடும் எடை சில பத்துக் கிராம்கள்தான். விலை கூடும், சிறிய கூட்டமைப்புகளும் இளையோரும் பாதிக்கப்படுவார்கள் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். ஆயினும், வர்ஜீனியா டெக் பட்டியலில் விலை குறைந்த கவசங்களும் ஐந்து நட்சத்திரம் பெற்றிருக்கின்றன. நல்ல காவலுக்கும் உயர்ந்த விலைக்கும் கட்டாய உறவு இல்லை. காவல் கூடினால் துணிச்சலும் கூடும் என்பவர்களுக்கு, ஆபத்தைக் காட்டி வீரர்களை அடக்குவது விளையாட்டு அமைப்பின் வேலை அல்ல என்று மட்டும் சொல்வேன்.

தயாரிப்பாளர்களுக்கு அவகாசம் வேண்டும் என்பது உண்மை. புதிய வடிவத்துக்கு அச்சு செய்து, சோதித்து, சந்தைக்கு வர ஒரு பருவம் போதாது. எனவே தரத்தின் வரைவை முதலில் வெளியிட்டு, உயர்நிலைப் பந்தயங்களில் இரண்டு ஆண்டுகள் கழித்தும், இளையோர் பந்தயங்களில் அதற்கு ஓராண்டு பின்னரும் கட்டாயமாக்கலாம். கவசத்தை மாற்றும் ஏற்பாட்டுக்கு அந்தக் காத்திருப்பும் வேண்டாம். அடுத்த பருவத்தின் முதல் பந்தயத்திலேயே தொடங்கலாம். இந்த இரண்டையும் தங்கள் மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்ட நிரலில் சேர்த்து, எடுத்த முடிவையும் அதற்கான காரணங்களையும் எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சைக்கிள் பந்தய ஆர்வலர் ஒருவர்